கல்லில் நார் உரித்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆகியும் டீச்சர் பாடம் நடத்துவதை விடவில்லை என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே கடைசி வரை படித்துவிடுங்கள். ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்களும், ஷீட் மாட்டும் வேலைக்குப் போகிறவர்களும், அப்படி யாரையாவது தெரிந்தவர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

காலாண்டு விடுமுறையில் நடந்தது இது. எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாசி படர்ந்து கறுத்துப்போய், இரண்டு இடத்தில் விரிசல் விட்டு, மழைக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. மாற்றிவிடலாம் என்று ஆள் தேடியபோது என்னிடம் படித்த பையன் ஒருவனே அந்த வேலை செய்கிறான் என்று தெரிந்தது. போன் பண்ணினேன். "டீச்சர் வீட்டு வேலைக்குக் கூலி பேசுவேனா" என்று சொல்லிக்கொண்டு மறுநாளே வந்துவிட்டான். கூடவே ஆறாம் வகுப்புப் படிக்கும் அவன் மகன். லீவுதானே, அப்பாவுக்குக் கைவேலை செய்ய வந்திருந்தான்.

நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கட்டிங் மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த போல்ட் கழலவில்லை என்று ஷீட்டையே அறுத்துக்கொண்டிருக்கிறான். மாவு மில்லில் பறப்பது போல வெள்ளையாகத் தூசி. அவன் மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தான். பையன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவன் தலைமுடியெல்லாம் வெள்ளை.

"நிறுத்து! நிறுத்துப்பா!" என்று கத்தினேன். எட்டாம் வகுப்பில் போட்ட அதே சத்தம். மெஷின் நின்றுவிட்டது.

"என்னாச்சு டீச்சர்?"

"அந்தத் தூசி கெட்டதுப்பா. பையனை முதல்ல முன்பக்கம் அனுப்பு."

சிரித்தான். "பதினஞ்சு வருஷமா இதத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன் டீச்சர்." அப்புறம் கொஞ்சம் நிதானித்து, குறையாகச் சொல்கிற மாதிரி இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான். "நான் மொத மொத ஷீட்டு தூக்கினதே நம்ம பள்ளிக்கூடத்துலதான். அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை.

2004 ஜூலை 16-ஆம் தேதியை நம்மில் யாரும் மறக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் சாப்பிடவில்லை. அடுத்த சில வாரங்களில், பள்ளிகளில் கீற்றுக் கூரை எதுவும் இருக்கக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. மலையடிவாரத்தில் இருந்த எங்கள் நடுநிலைப் பள்ளியிலும் கரும்புச் சோகை வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. அப்போது தலைமையாசிரியர் பொறுப்பு என்னிடம் இருந்தது. சோகையைப் பிரித்துப் போட்டோம். பெற்றோர்கள் பணம் திரட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. எட்டாம் வகுப்புப் பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்கள். மேஸ்திரி ரம்பத்தால் அறுத்தார், துளை போட்டார். சாயங்காலம் பெண் பிள்ளைகளிடம் விளக்குமாறு கொடுத்து அந்தத் தூளையெல்லாம் கூட்டச் சொன்னது நான்தான். திங்கட்கிழமை காலை வழிபாட்டில், "இனி நம் பள்ளிக்குத் தீப்பயம் இல்லை" என்று பெருமையாகப் பேசினேன். அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான் இவன்.

தீப்பயம் போனது நிஜம். ஆனால் அந்த ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. இப்போது நடத்துகிறேன்.

தமிழில் ஆஸ்பெஸ்டாஸுக்கு நல்ல பெயர் இருக்கிறது: கல்நார். கஞ்சனிடம் காசு வாங்குவதைக் "கல்லில் நார் உரிப்பது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், அதாவது நடக்காத காரியம். இந்தக் கல்லில் நிஜமாகவே நார் உரியும். பஞ்சு போலப் பிரியும், நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், ஆனால் தீயில் எரியாது. வகுப்பில் இதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்குவேன். சோதனைச் சாலையில் ஸ்பிரிட் விளக்கின் மேல் முக்காலி வைத்து, அதன்மேல் ஒரு கம்பி வலை வைப்போமே, நினைவிருக்கிறதா? அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அது கல்நார். அந்த வட்டத்தை நகத்தால் சுரண்டி, "பாருங்க, கல்லுல நார்!" என்று காட்டியிருக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் அதை ஊதிப் பார்ப்பார்கள்.

கல்லில் எப்படி நார் வந்தது? நம் கல்வராயன் மலையும் பக்கத்துச் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டியான பழம்பாறை. அதில் நார் கிடையாது. கல்நார் உண்டாக மக்னீசியம் நிறைந்த பாறை வேண்டும். அப்படிப்பட்ட பாறை நமக்குத் தூரமில்லை. சேலம் ஜங்ஷனைத் தாண்டி ஓமலூர்ப் பக்கம் போனவர்கள் வெள்ளை வெள்ளையாக வெட்டிப் போட்ட குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் எடுக்கும் இடம். பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த, மக்னீசியம் மிகுந்த பாறை அங்கே மாறி மாறி அந்த வெள்ளைக் கல்லாகியிருக்கிறது. அதே வகைப் பாறைக்குள் வெந்நீர் புகுந்து, மெதுவாக அதன் கனிமங்களை மாற்றினால் செர்பென்டைன் என்ற பச்சை நிறக் கல் உண்டாகிறது. பாம்பின் தோல் போல வழவழப்பாக இருப்பதால் அந்தப் பெயர். சில இடங்களில் அந்தக் கல்லின் வெடிப்புகளில் நார் நாராகப் படிந்து வளர்கிறது. அதுதான் கிரைசோடைல் எனும் வெள்ளைக் கல்நார். உலகத்தில் பயன்பட்ட கல்நாரில் மிகப் பெரும்பகுதி இதுதான். இதன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கியிருக்கும். ஒரு தகட்டின் இரண்டு முகமும் ஒரே அளவில் இல்லாததால் பாய் போலத் தானாகச் சுருண்டு கொள்கிறது. அந்தச் சுருள்தான் ஒரு நார். நம் தலைமுடியை ஆயிரம் முறைக்கு மேல் வகிர்ந்தால் எவ்வளவு மெல்லிசு வருமோ அவ்வளவு மெல்லிசு.

ஆந்திராவில் கடப்பை மாவட்டம் புலிவெந்துலா பக்கத்தில் வேறு விதமாக வந்திருக்கிறது. அங்கே இருப்பது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை. அதற்குள் எரிமலைக் குழம்பு புகுந்து சுட்டதில் கல்நார் உண்டாயிற்று. நம் நாட்டின் நல்ல தரமான வெள்ளைக் கல்நார் அங்கே வெட்டப்பட்டது. ராஜஸ்தானிலும், இன்றைய ஜார்க்கண்டிலும் சுரங்கங்கள் இருந்தன. வெள்ளை தவிர நீலம், பழுப்பு என்று வேறு வகைகளும் உண்டு. அவை வேறு கனிமக் குடும்பம். நார் சுருண்டிருக்காது, ஊசி போல நேராக நிற்கும். அவை இன்னும் கொடியவை.

இவ்வளவு மலிவாக, எரியாமல், அறுந்து போகாமல், சூட்டைத் தடுக்கும் பொருள் கிடைத்தால் மனிதன் விடுவானா? ரயில் என்ஜினிலும் கப்பலிலும் கொதிகலனைச் சுற்றிக் கட்டினார்கள். லாரி, பஸ் பிரேக்கில் வைத்தார்கள். தீயணைப்புக்காரர்களுக்கு உடை தைத்தார்கள். 1900 வாக்கில் ஆஸ்திரியாவில் லுட்விக் ஹட்ஷெக் என்பவர் காகிதம் செய்யும் இயந்திரத்தைப் போல ஒன்றை வைத்து, சிமெண்டையும் கல்நாரையும் குழைத்து மெல்லிய தகடாக்கினார். நம் வீட்டுக் கூரைக்கு அதுதான் தாத்தா. ஷீட்டில் பெரும்பாகம் சிமெண்ட்தான். நூற்றுக்குப் பத்துக்குள்தான் கல்நார். சுவருக்குள் கம்பி வைப்பது போல, அந்த நார்தான் தகட்டை உடையாமல் பிடித்துக்கொள்கிறது.

சரி, இதில் என்ன ஆபத்து? நார் சிமெண்டுக்குள் பிடிபட்டு இருக்கிற வரை பெரிய தொல்லையில்லை. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காற்றில் கலக்கும். சாதாரணத் தூசியைப் போலச் சீக்கிரம் கீழே உட்காராது. மூச்சில் போனால் நுரையீரலின் கடைசிச் சிறு அறை வரை போய்விடும். அங்கே குப்பை கூட்டுவதற்கென்றே நம் உடம்பில் செல்கள் இருக்கின்றன. வந்த தூசியை விழுங்கிவிடும். இந்த நாரோ அந்தச் செல்லைவிட நீளம். பல்லி பெரிய பாம்பை விழுங்கப் பார்ப்பது போல. பாதி விழுங்கி, தானே செத்து, சுற்றிலும் புண்ணாக்கிவிட்டுப் போகும். புண் ஆறித் தழும்பாகும். தழும்பு மேல் தழும்பு விழுந்து, பஞ்சு போல் இருந்த நுரையீரல் தோல் போலாகிறது. இதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். மாடிப்படி ஏற முடியாது, மூச்சு வாங்கும், வறட்டு இருமல் விடாது. அது தவிர நுரையீரல் புற்றுநோய். அதுவும் தவிர நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். கல்நாருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது.

இதில் பெரிய சூழ்ச்சி, காலம். இன்று உள்ளே போன நார் நாளைக்கு ஒன்றும் செய்யாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். அதனால்தான் "பதினைந்து வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அவனால் சிரிக்க முடிந்தது.

இவையெல்லாம் எப்போது தெரிந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நார் ஆலையில் நூல் நூற்றாள். 1924-ல் இறந்தாள், வயது 33. அவள் நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக் அந்த வருஷமே மருத்துவ இதழில் எழுதினார். 1930-ல் அந்த நாட்டுத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார்கள். 1931-ல் சட்டமே வந்தது. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோர் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு சம்பந்தப்பட்டவர்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், சின்ன வயதில் அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள். 1979-ல் அமெரிக்காவில் கல்நார் கட்டும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்கு என்று அதில் கணக்கு இருக்கிறது. பீடி குடிக்கும் மேஸ்திரிகள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வெளியே வந்ததும் அந்த 1979-ல்தான். அதாவது உலகத்துக்குத் தெரிந்து ஐம்பது வருஷம் கழித்து, நான் கல்நார் வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்பது உண்மை. நான் தேடவும் இல்லை என்பதும் உண்மை.

நம் நாட்டுக் கதையையும் சொல்கிறேன். ஜார்க்கண்டில் சாய்பாசா ஊருக்குப் பக்கத்தில் ரோரோ என்ற மலை. நம் கல்வராயனில் மலையாளி மக்கள் இருப்பது போல அங்கே ஹோ ஆதிவாசிகள் இருக்கிறார்கள். அந்த மலையைக் குடைந்து கல்நார் எடுத்தார்கள். 1983-ல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அரைத்துச் சலித்து ஒதுக்கிய கழிவு மட்டும் மலைச்சரிவில் அப்படியே கிடந்தது, சுமார் 7 லட்சம் டன். மழை பெய்தால் வயலுக்கும் ஓடைக்கும் வரும். குழந்தைகள் அந்த வெள்ளைச் சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். வெள்ளிமலைப் பிள்ளைகள் மண்மேட்டில் சறுக்குவதைப் பார்த்தவள் நான். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

1986-லிருந்து நம் அரசு கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை நிறுத்தியது. 1993-ல் பழைய குத்தகையைப் புதுப்பிப்பதும் நின்றது. 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புக் கொடுத்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பதிவேடு ஆலைக்குள் இருப்பவர்களுக்குத்தானே? ஆலை வாசலைத் தாண்டி வந்த ஷீட்டைக் கள்ளக்குறிச்சியில் அறுக்கும் என் மாணவனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

தோண்டுவதை நிறுத்தினோமே தவிர வாங்குவதை நிறுத்தவில்லை. இன்றும் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் லட்சக்கணக்கான டன் வருகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் "ஆஸ்பெஸ்டாஸ்" என்ற பெயரிலேயே ஒரு ஊர் இருந்தது. பல வருஷம் நமக்கும் ஏற்றுமதி செய்த நாடு அது. 2018-ல் கனடா தன் நாட்டில் கல்நாருக்குத் தடை போட்டது. 2020-ல் அந்த ஊர்க்காரர்கள் வாக்களித்து ஊர்ப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்கா 2024-ல் வெள்ளைக் கல்நாருக்கும் தடை கொண்டுவந்தது. நம் பக்கத்துக் கேரளத்தில் மாநில மனித உரிமை ஆணையம் 2009-லேயே பள்ளிக் கூரைகளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை எடுக்கச் சொன்னது. ஷீட் செய்பவர்கள், வெள்ளைக் கல்நார் சிமெண்டோடு கெட்டியாகப் பிடித்திருக்கிறது, கவனமாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும், பயன்படுத்தாமல் விடுவதே சரியான வழி என்கிறது. கவனமான பயன்பாடு எப்படி இருக்கும் என்பதை நான் என் தாழ்வாரத்திலேயே பார்த்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கூரையைப் பிரிக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. ஆபத்து எவ்வளவு தூசியை, எவ்வளவு காலம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்தது. அன்றைக்கு ஒரு நாள் ஷீட் தூக்கிய, தூள் கூட்டிய என் பிள்ளைகளே, உங்களுக்கு அதனால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தினமும் அறுக்கிறவர்களுக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

ஷீட் வீட்டில் இருப்பவர்கள்: ஷீட் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுங்கள். ஆணி அடிக்காதீர்கள், புதிதாகத் துளை போடாதீர்கள். பாசியை விளக்குமாறு, கம்பி பிரஷ் கொண்டு காயக் காயச் சுரண்டாதீர்கள். உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாக, கோழிக்கூண்டுக்குக் கூரையாக வைக்காதீர்கள், ரோட்டுப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். போகிக்கு ஷீட் துண்டைத் தீயில் போட்டு "டமார்" என்று வெடிக்க வைக்கும் விளையாட்டு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்துங்கள்.

வேலை செய்பவர்கள்: கட்டிங் மெஷின் வேண்டவே வேண்டாம். போல்ட்டை ஸ்பேனரால் கழற்றுங்கள். துரு ஏறியிருந்தால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை அல்ல. முதலில் தண்ணீர் பீய்ச்சி நன்றாக நனையுங்கள். ஈரத் தூசி பறக்காது. முழுசாக இறக்குங்கள், மேலேயிருந்து வீசி உடைக்காதீர்கள். மூக்கில் கட்டும் துண்டு இந்த நாருக்குக் கொசுவலையில் மாவு சலிப்பது போல. என்-95 முகக்கவசமும் இதற்குப் போதாது, பி-100 வடிகட்டி உள்ள முகக்கவசத்தை முகத்தோடு ஒட்டிப் போடுங்கள். கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். அந்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். ஆலைத் தொழிலாளர்களின் சட்டையை உதறித் துவைத்த மனைவிமார்களுக்கே இந்த நோய் வந்திருக்கிறது. துணியைத் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

புதிதாகக் கூரை போடுபவர்கள்: கடையில் "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா?" என்று கேளுங்கள். வேறு இழை கலந்த சிமெண்ட் ஷீட் வருகிறது. ஓடு இருக்கிறது, தகர ஷீட் இருக்கிறது. செலவு கூடத்தான்.

இருமல், மூச்சிரைப்பு என்று டாக்டரிடம் போனால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் இத்தனை வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் அறுக்கும் வேலை செய்தேன்." காசநோய், ஆஸ்துமா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் உதவும்.

என் தாழ்வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்து அவனே வந்தான், பையன் இல்லாமல். விடியற்காலையில் ஹோஸ் பிடித்து நனைத்து, எட்டு ஷீட்டையும் கயிறு கட்டி முழுசாக இறக்கினான். இந்த மாதிரிக் கழிவுக்கென்று கும்மிடிப்பூண்டியில் ஒரு தளம் இருக்கிறதாம். எட்டு ஷீட்டுக்காக யார் அவ்வளவு தூரம் போவது? கனமான பாலித்தீனில் சுற்றி, கிணற்றுக்கு எட்டாத தூரத்தில் எங்கள் நிலத்து ஓரமாக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். மேலே கல் நட்டிருக்கிறேன், பிற்பாடு யாரும் தோண்டிவிடக்கூடாது என்று. இப்போது தாழ்வாரத்துக்கு மங்களூர் ஓடு. ஒழுகவில்லை.

வேலை முடிந்து கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன். மறுநாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொல்லி மூச்சளவு பார்த்தார்கள். இப்போதைக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும், பீடியை இன்றே விட வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பையன இந்த வேலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன் டீச்சர்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வருத்தப்படாதீங்க. அன்னிக்கு உங்களுக்கும் தெரியாதுதானே" என்றான்.

அவன் அப்படிச் சொன்னாலும், சொல்ல வேண்டியதை நான் சொல்லியாக வேண்டும். 2004-ல் அந்தச் சனிக்கிழமை என் பேச்சைக் கேட்டு ஷீட் தூக்கிய பிள்ளைகளே, தூள் கூட்டிய பெண் பிள்ளைகளே, தெரியாமல் செய்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள். நம்பர் மாறவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

மறக்காமல் உங்கள் ஊர் மேஸ்திரிக்கும் ஷீட் போடும் ஆட்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களில் பலர் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்